பத்தி பதினேழு

சொல்லுக்கு எண்பது காசு.
கூட்டறிக்கை மொத்தம் இருபத்திரண்டு பத்தி.
காலை ஒன்பதுக்குள் டெல்லிக்குப் போக வேண்டும்.
எல்லீஸ் நகரில் மூன்றாம் மாடி,
மின்விசிறி இரண்டாம் எண்ணுக்கு மேல் சுற்றாது.

நான்காம் பத்தியில் வந்தது இறையாண்மை.
விரல் தானாக அடிக்கிற சொல்.
இன்றைக்கு ஏனோ நின்றது.
இறை என்றால் கடவுள்.
இறை என்றால் அரசன்.
இறை என்றால் அவன் வாங்கிய வரி.
கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோம்,
கோழிக்கு நொய் இறைக்கிறோம்.
மூலத்தை எழுதியவனுக்குத் தெரியாது
ஒரு சொல்லுக்குள் இத்தனை பேர் குடியிருப்பது.
பரஸ்பரம் மதிக்க இசைந்தனர் என்று முடித்தேன்.

பதினொன்று, மத சுதந்திரம்.
அந்தத் தரப்பு கவலை தெரிவித்தது.
நம் தரப்பு அதைக் குறித்துக்கொண்டது,
உள்விவகாரம் என்பதை நினைவூட்டியது.
'கவலை' என்று போட்டால்
மேலிடம் 'கருத்து' என்று திருத்தும்.
ஆகவே நானே 'கருத்து' என்று போட்டேன்.

போன மாதம் விசுவநாதபுரத்தில் வீடு பார்த்தேன்.
கிழக்குப் பார்த்த வாசல்,
அடுப்படியில் சன்னல்.
அட்வான்ஸ் வரைக்கும் நன்றாகத்தான் பேசினார்.
பேரைக் கேட்டார்.
ஷம்சாத் என்றேன்.
"அடடா, அக்கா மகன் வர்றான்மா,
நேத்துதான் சொன்னான்."
அவர் வீடு, அவர் எல்லை, அவர் உள்விவகாரம்.
குறித்துக்கொண்டேன்.
படியிறங்குகையில்
கவலையைக் கருத்தாகத் திருத்திக்கொண்டேன்.

பதினாறை முடிக்கும்போது மணி பதினொன்றே கால்.
போன் அடித்தது. நீளமான எண்.
"வணக்கம் மேடம், சுங்கத்துறையிலிருந்து பேசுகிறேன்.
உங்கள் பேரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது.
இணைப்பைத் துண்டித்தால் கைது."
எழுதி வைத்ததை வாசிக்கிற குரல்.
ஆதார் எண் கேட்டது.
கண்ணாடியைத் தேடுகிறேன், இருங்கள் என்றேன்,
எப்படி வைப்பது என்று தெரியாமல்.
"மெதுவாப் பாருங்க,
அங்கிட்டு எங்கிட்டாச்சும் கெடக்கும்."

அங்கிட்டு.
எண்பது காசு.
ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி வண்டி ஏறினால்
பின்சீட்டில் கேட்கிற அங்கிட்டு.

"தம்பிக்கு எந்த ஊரு?"

மூச்சு மட்டும். அதன் பின்னால் நூறு வாய்கள்,
தெலுங்கு, இந்தி, எனக்குத் தெரியாத இன்னொன்று,
அத்தனையும் சுங்கத்துறை.
பிறகு, வாயைக் கையால் பொத்தினாற்போல்:
"கருமாத்தூர்க்கா.
டேட்டா என்ட்ரின்னு கூட்டியாந்தாய்ங்க.
பாஸ்போர்ட்டு அவய்ங்ககிட்ட இருக்கு.
ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற நாடு, தெரியுது, போக முடியல.
எங்கம்மா பேரு ஒச்சம்மா,
மில்லுக்கு எதுத்த வீ"

துண்டித்தது அவன் இல்லை என்று நினைக்கிறேன்.

திரும்ப அடித்தேன். அப்படியொரு எண் இல்லை.
இணையக் குற்ற உதவி எண்ணில்
ஒரு பெண் கேட்டாள், "பணம் போச்சாம்மா?"
இல்லை.
"அப்ப புகார் இல்லையே."
போனது ஓர் ஆள் என்றேன்.
அதற்கு வேறு அலுவலகமாம், பத்து மணிக்குத் திறக்குமாம்.

பத்தி பதினேழு:
இணையவெளியில் ஒத்துழைப்பை ஆழப்படுத்தவும்
எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் நிகழும் குற்றங்களைக்
கூட்டாக எதிர்கொள்ளவும்
அவரவர் இறையாண்மைக்கு உட்பட்டு
இரு தரப்பும் உறுதி பூண்டன.

'உட்பட்டு' என்ற இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
ஆற்றின் இந்தக் கரையில் ஓர் இறையாண்மை,
அந்தக் கரையில் ஓர் இறையாண்மை,
இடையில் கோழிக்கு இறைத்த நொய் மாதிரி
பையன்கள்.

விடியும் முன் ஒரேயொரு திருத்தம் செய்தேன்.
எல்லைக்கு அங்கிட்டும் இங்கிட்டும்.
மேலிடம் அடித்துவிடும், தெரியும்.
அடிப்பதற்காகவாவது
ஒருமுறை வாசிக்க வேண்டுமில்லையா.

ஒன்பதுக்கு அனுப்பிவிட்டு ஆரப்பாளையம் போனேன்.
கருமாத்தூர் ஒன்று என்றேன் நடத்துநரிடம்.
தெருவுக்கு நாலு ஒச்சம்மா இருப்பார்கள்.
மாவு மில்லா, ரைஸ் மில்லா,
அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.